தீவில் கோபித்துக்கொள்ள இடமில்லை

கல்யாணமான புதிதில் மனைவியோடு வெளியூர் போகிற ஆண்பிள்ளைக்கு ஒரே ஆசைதான் இருக்கும். விவரமானவனாகத் தெரிய வேண்டும். எந்தப் பெட்டி பிளாட்பாரத்தில் எங்கே வந்து நிற்கும், ஓட்டலில் எதைக் கேட்க வேண்டும், ஆட்டோக்காரர் சொல்வதில் எவ்வளவு குறைக்கலாம், எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவனாகக் காட்டிக்கொள்ள வேண்டும். குற்றாலம், கொடைக்கானல் என்று போயிருந்தால் நானும் எப்படியோ ஒப்பேற்றியிருப்பேன். நான் போனது மாலத்தீவுக்கு. அதிலும் சுற்றுச்சூழலுக்கு ஒரு தூசு தும்புகூடத் தீங்கு செய்யாத சொகுசு ரிசார்ட்டுக்கு. அங்கே நான் அசிங்கப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் அதற்கு ஒரு சுற்றுச்சூழல் காரணம் தயாராக இருந்தது. மற்ற ஊரில் மூக்குடைபட்டால் யாரையாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். பூமியைக் காப்பாற்றுவதற்காக மூக்குடைபட்டவன் யாரைப் போய்த் திட்டுவான், சொல்லுங்கள்.

யோசனை கொடுத்தவன் என்னோடு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவன். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். மாதத் தவணையில் கட்டிக்கொள்ளலாம் என்றான். தவணை என்ற சொல்லைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், அது என் சுபாவம்.

மாமனாருக்குத்தான் இது பிடிக்கவில்லை. அவருக்குத் தூத்துக்குடியில் தோணி வியாபாரம். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் காய்கறியும் கட்டடச் சாமானும் தோணியில் ஏற்றி மாலத்தீவுக்கு அனுப்புவது அந்த ஊரில் காலங்காலமாக நடக்கிற தொழில். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் திகைத்துப் போனார். "மாப்ள, அங்க எதுக்குப் போறீய? அங்க ஒண்ணும் கிடையாதே! எல்லாம் இங்கருந்துல்லா போகுது!" என்றார். கொஞ்சம் யோசித்து, "முன்னாலயே சொல்லியிருந்தா வெங்காயத்தோட சேத்து தோணியிலயே அனுப்பிருப்பேன். துட்டாவது மிச்சமாயிருக்கும்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மாவின் கவலை வேறு. "அந்த ஊர்ல மேடு கீடு ஏதும் உண்டாலே?" என்று கேட்டாள். படித்ததைக் காட்டிக்கொள்ளும் ஆர்வத்தில், அந்த நாட்டிலேயே இயற்கையான உயரமான இடம் கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான் என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்பத் தண்ணி ஏறுனா எங்க போய் நிப்ப?"

"தென்னமரம் நிறைய இருக்கும்மா."

"ஏணியில ரெண்டு படி ஏறுனாலே உனக்குத் தல சுத்துமே!"

பக்கத்தில் நின்ற புது மருமகள் இந்தத் தகவலை மனதில் குறித்துக்கொண்டதை நான் கண்ணாரக் கண்டேன்.

அப்பா மட்டும்தான் எனக்கு ஆதரவு. ராஜராஜ சோழனே போன ஊர் என்றார். கடல் நடுவே பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளை அவன் பிடித்ததாக மெய்க்கீர்த்தி சொல்கிறது, அது மாலத்தீவைத்தான் குறிக்கும் என்பது வரலாற்றாசிரியர்கள் கருத்து. ஆனால் அங்கே இருப்பது சுமார் 1,190 தீவுகள். கிட்டத்தட்ட பத்து மடங்கு இடிக்கிறது. இப்படிக் கணக்கு எழுதிக்கொண்டு யாராவது எங்கள் ஆபீசுக்கு வந்தால் விட்டுவிடுவோமா? ராஜாவாக இருந்ததால் தப்பித்தான்.

திருவனந்தபுரத்தில் ஏறினால் சீக்கிரமே மாலே. விமான நிலையமே ஒரு தனித்தீவு. அங்கிருந்து ரிசார்ட்டுக்குக் கடல் விமானம். சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவை வைத்த ட்வின் ஆட்டர், சுமார் பதினைந்து பேர் உட்காரலாம். ஓட்டுகிறவர் அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக வருவார். அதுவல்ல விஷயம். ஆளுக்கு 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை. அதற்கு மேலே போனால் கிலோவுக்கு இத்தனை டாலர் என்று எடை மேடையிலேயே வாங்கிவிடுவார்கள்.

எங்கள் பெட்டியில் இரண்டு சம்பந்தி வீட்டுப் பலகாரமும் இருந்தது. இவள் வீட்டுச் சீதனம் தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை, மீதியெல்லாம் காற்று. ஒரு டப்பா முழுக்க வைத்தாலும் தராசு முள் அசையாது. எங்கள் அம்மா சுட்ட அதிரசம் அப்படிப்பட்டதல்ல. எடை கூடியது முழுக்க முழுக்க மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்தான் என்பது அத்தனை வெள்ளைக்காரர்கள் முன்னால் நிரூபணமாயிற்று. "எடை கூடினால் எரிபொருள் கூடும், புகை கூடும்" என்று கவுண்டர் பெண் சிரித்துக்கொண்டே விளக்கினாள். நான் விவரமானவன் இல்லையா? வயிற்றுக்குள் போனதற்குத் தராசு கிடையாது என்று ஒரு ஓரமாக உட்கார்ந்து அதிரசத்தைத் தீர்க்க ஆரம்பித்தேன். முடிந்தவரை தின்றும் கிலோ கணக்கு முழுசாக இறங்கவில்லை. டாலரும் கட்டினேன், வயிறும் நிறைந்தது. பிறகு அந்த விமானம் மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே குதித்துக் குதித்துப் போனபோது ஜன்னலுக்குக் கீழே பவளத்திட்டுகள் நீலமும் பச்சையுமாக வட்டம் வட்டமாகத் தெரிந்ததாம். இவள் சொல்லித்தான் தெரியும். நான் காகிதப் பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பை மறுசுழற்சிக் காகிதம்.

இறங்கியதும் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். அங்கே எல்லோரும் வெறுங்கால்தான். அதற்காகவே வாங்கிய புது ஷூ ஒரு துணிப்பைக்குள் போய், ஊருக்குத் திரும்பும் நாளில்தான் வெளியே வந்தது.

அடுத்தது வரவேற்பு மேஜை. தேனிலவுக்காரர்களுக்கு ஒரு கேக், கட்டில் நிறையப் பூ, கடற்கரையில் ஒரு ராச்சாப்பாடு, எல்லாம் இலவசம். ஆனால் திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும். நான் இன்னும் பதிவே பண்ணவில்லை. பெட்டியைக் குடைந்ததில் அதிரசப் பொட்டலத்துக்கு அடியில் வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை அகப்பட்டது. நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் எண்ணெய்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் அதை வாங்கிப் பார்த்து முகம் மலர்ந்தான். யாழ்ப்பாணத்துத் தம்பி. அந்த நாட்டு ரிசார்ட்டுகளில் இலங்கை, இந்தியா, வங்கதேசம் என்று பல ஊர்ப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். எனக்கு உயிர் வந்தது. அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. தமிழ் வாசிக்கக் கிடைத்த சந்தோஷத்தில் அவன் பத்திரிகையை முதலிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினான். கொள்ளுத்தாத்தா, தாத்தா, பெரியப்பாமார், தாய்மாமன்மார், அன்புடன் அழைக்கும் சுற்றமும் நட்பும். பின்னால் ஒரு ஜெர்மன் ஜோடி பெட்டியோடு பொறுமையாக நின்றது.

"அண்ணை, இதில உங்கட பேர் எங்க கிடக்கு?"

காட்டினேன். பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்று இருந்தது. மணமகள் பெயருக்குப் பக்கத்தில் விலங்கியல் எம்.எஸ்ஸி., அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தங்கப் பதக்கம் என்று மாமனார் மறக்காமல் அடித்திருந்தார். தம்பி ஒரு முறை அவளைப் பார்த்தான், ஒரு முறை என்னைப் பார்த்தான். "சரி அண்ணை, கேக் அனுப்புறன்" என்றான். இரக்கப்பட்டுத்தான் கொடுத்தான்.

உலகம் சுற்றிய இப்னு பதூதா 1343-ல் இதே தீவுகளுக்கு வந்து காஜியாக, அதாவது நீதிபதியாக உட்கார்ந்து, பல கல்யாணம் செய்துகொண்டார். அவரிடம் ஒருவரும் சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை.

அறை என்றால் தனிக் குடில். மேலே ஓலைக் கூரை. எங்கள் தாத்தா ஓலை வீட்டில் இருந்தார், அப்பா ஓட்டுக்கு மாறினார், நான் வங்கிக் கடன் வாங்கித் தளம் போட்டேன். மூன்று தலைமுறை பாடுபட்டு ஓலையை விட்டு வெளியே வந்து, கடைசியில் அதே ஓலைக்குக் கீழே படுப்பதற்கு நான் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் ஏ.சி. தானாக நின்றுவிடும், மின்சாரம் வீணாகக் கூடாது. பூச்சிமருந்து அடிக்க மாட்டார்கள், மற்ற உயிர்களுக்கு ஆகாது. அதற்குப் பதில் மனித மூச்சையும் வேர்வையையும் பாவனை செய்கிற ஒரு கொசுப்பொறியை வாசலில் வைத்திருந்தார்கள். உள்ளே அசல் சரக்கு இருக்கும்போது போலிக்கு எந்தக் கொசு போகும்?

நேரக் கணக்கு இன்னொரு கூத்து. மாலே நேரம் நமக்கு அரை மணி பின்னால். ரிசார்ட்டோ சாயங்கால வெளிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று மாலேயைவிட ஒரு மணி முன்னால் கடிகாரத்தை வைத்திருந்தது. கையில் ஒரு நேரம், போனில் ஒரு நேரம், சுவரில் ஒரு நேரம். எதை நம்பிப் போனாலும் சாப்பாட்டு மண்டபத்தில் மேஜை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

குளியலறைக்குக் கூரையே கிடையாது. நாலு பக்கம் சுவர், மேலே வானம், சுற்றிலும் வாழையும் செடிகொடியும். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மின்சாரம் தேவையில்லை பாருங்கள். சுவரில் ஒரு அட்டை. கடல்நீரிலிருந்து உப்பெடுத்த தண்ணீர் இது, மழை வந்தால் தயவுசெய்து ஷவரை நிறுத்திவிட்டு மழையில் குளியுங்கள் என்று எழுதியிருந்தது. சோப்பு போட்டுக்கொண்டு நிற்கையில் செடிக்குள்ளிருந்து வெள்ளை மார்போடு ஒரு பறவை நிதானமாக நடந்து வந்து, எதிரே நின்று என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தது. நான் கத்தியதில் இவள் ஓடி வந்தாள்.

"கானாங்கோழிங்க. இந்தத் தீவுல நிறைய உண்டு. ஒண்ணும் செய்யாது."

"அது எதுக்கு என்னை இப்படிப் பார்க்குது?"

"இந்த மாதிரி ஒண்ணை இதுக்கு முன்னால பார்த்திருக்காது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலமானால் அதே குளியலறைக்கு மேலே வாதுமை மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் வந்து சேரும். பாதி தின்ற காயைத் தலையில் போடும். அவற்றையும் விரட்டக் கூடாது.

முதல் நாள் மாலை கடற்கரையில் நடந்தோம். இவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பல நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரு வசனம் என்னிடம் இருந்தது. "இந்த மணலைப் பாரேன், எவ்வளவு வெள்ளை, எவ்வளவு மென்மை..." என்று ஆரம்பித்து, அங்கிருந்து அவளுடைய கைக்கு வருவதாகத் திட்டம்.

"கிளிமீன் போட்டதுங்க" என்றாள்.

"என்னது?"

"கிளிமீன் இருக்குல்லா, அது பாசிக்காகப் பவளத்தைச் சுரண்டித் தின்னும். தொண்டையில இருக்கிற பல்லால அரைச்சு, சத்தை எடுத்துட்டு மிச்சத்தை வெளியே விட்டுரும். அதுதான் இந்த மணல்ல முக்காவாசி. பெரிய மீன்னா வருஷத்துக்கு நூத்துக்கணக்கான கிலோ போடும்."

வசனம் தொண்டையிலேயே அரைபட்டுவிட்டது. நான் குனிந்து என் வெறும் பாதங்களைப் பார்த்தேன். ஷூவையும் வாங்கி வைத்துக்கொண்டார்களே!

மறுநாள் வெயிலுக்கு நான் வாங்கி வந்த கிரீமை ஒரு பெண் வாங்கிப் பார்த்து, அதில் ஆக்ஸிபென்சோன் இருக்கிறது, பவளத்துக்கு ஆகாது என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டாள். பலாவ் நாட்டில் 2020-லேயே தடை, ஹவாயில் 2021-லிருந்து விற்கவே முடியாது என்று விவரமும் சொன்னாள். ஐரோப்பாக்காரி, சின்னப் பெண், அந்த ரிசார்ட்டின் கடல் உயிரியலாளர். பதிலுக்கு அவள் கொடுத்தது துத்தநாகக் களிம்பு. எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இறங்காது, வெள்ளை வெளேரென்று மேலேயே நிற்கும். கண்ணாடியில் பார்த்தேன். கட்டி முடிக்காத வீட்டில் தொங்கவிடும் திருஷ்டிப் பொம்மை மாதிரி இருந்தேன். இவள் ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட, ஒரு நிமிஷத்துக்குள் மாமனாரிடமிருந்து செய்தி: "மாப்ளைக்கு மேலுக்கு முடியலையா?"

அந்தக் கடல் உயிரியலாளரும் என் மனைவியும் பேச ஆரம்பித்த பிறகு அது என்னுடைய தேனிலவாக இல்லை. அக்ரோபோரா என்பார் ஒருவர், போசில்லோபோரா என்பார் மற்றவர். இருவரும் சிரிப்பார்கள். 1998-லும் 2016-லும் கடல் சூடேறி இங்கே பவளமெல்லாம் வெளுத்துப் போன கதையைப் பேசும்போது இருவர் கண்ணும் கலங்கும். நான் துவாலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தத் துவாலையையே இரண்டாம் நாளும் உபயோகித்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

சரி, கடலுக்குள் இறங்கினால்தான் மதிப்பு என்று தீர்மானித்தேன். நான் தாமிரபரணியில் நீச்சல் படித்தவன். ஆனால் தாமிரபரணியில் மூஞ்சியில் கண்ணாடி மாட்டிக்கொண்டு குழாயைக் கடித்தபடி மூச்சுவிடச் சொல்ல மாட்டார்கள். தலையைக் கவிழ்த்ததும் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மூக்கு வரை வந்துவிட்டது. இதே நாட்டில்தான் 2009 அக்டோபரில், அப்போதைய அதிபர் முகமது நஷீத் அமைச்சர்களோடு கடலுக்கடியில் மேஜை போட்டு அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார். கடல்மட்டம் உயர்ந்தால் எங்கள் கதி இதுதான் என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக. மூழ்கியபடியே கையெழுத்தும் போட்டார்கள். எனக்கு இடுப்பளவுத் தண்ணீரில் இருமல் நிற்கவில்லை.

உயிரியலாளர் என் முகத்தை ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தாள். மீசை. மீசை இருந்தால் கண்ணாடியின் ரப்பர் தோலோடு ஒட்டாது, இடைவெளியில் தண்ணீர் புகுந்துவிடும். வாஸ்லின் தடவினால் சரியாகுமே என்றேன். அது பெட்ரோலியச் சரக்கு, இந்தத் தீவில் கடலுக்குள் இறங்குகிறவர்கள் தடவக் கூடாது என்றாள்.

இரண்டு பெண்களும் என் மீசையையே பார்த்தார்கள்.

இவள் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு தெரிந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது. குளியலறையில் மூங்கில் பிடி போட்ட ரேசர் ஒன்று வைத்திருந்தார்கள். கானாங்கோழி சாட்சியாக நின்று பார்க்க, பாளையங்கோட்டையில் பதினெட்டு வயதில் முளைத்து ஒருநாளும் கத்திபடாத என் மீசை மக்கும் குப்பைக் கூடைக்குள் போயிற்று.

அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். நானும் யோசனையில்லாமல் எடுத்துவிட்டேன். அம்மா ஒரு கணம் திரையைப் பார்த்தாள். அப்புறம் எழுந்த ஓலத்தில் குளியலறை மேலே வௌவால்கள் கலைந்தன. எங்கள் பக்கம் பெற்ற தகப்பன் போனால்தான் மீசையை எடுப்பார்கள்.

"ஐயோ, யாரு செத்துப் போனான்னு இந்தப் பாவி மீசையை எடுத்துட்டு நிக்கான்!"

அம்மாவுக்குப் பின்னால் நாற்காலியிலிருந்து அப்பா தலையை நீட்டி, "ஏல, நான் இங்கதானல இருக்கேன்" என்றார்.

பவளத்துக்காக என்று விளக்கினேன். "பவளம் வாங்கணும்னா திருநெல்வேலியில நகைக்கடை இல்லையா?" என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்தாள்.

மீசையில்லாமல் கடற்கரைக்குப் போனேன். இவள் ஏறிட்டுப் பார்த்து, "யார் வேணும் உங்களுக்கு?" என்றாள். விளையாட்டுக்குத்தான். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. யாருக்காக எடுத்தேன் என்றேன். நானா எடுக்கச் சொன்னேன் என்றாள். கல்யாணத்துக்குப் பிறகான முதல் சண்டை, ஒழுங்காகவே போட்டோம்.

நம் ஊரில் வீட்டில் சண்டை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிடலாம். ஒரு டீ, ஒரு பேப்பர், அரை மணி நேரம். கோபம் தானாக இறங்கிவிடும். மாலத்தீவில் 1972-ல் முதல் ரிசார்ட் திறந்த காலத்திலிருந்தே ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதுதான் ஏற்பாடு. பக்கத்துத் தெரு என்று ஒன்று கிடையாது. கடை கிடையாது. ஊர்க்காரன் கிடையாது. நான் கோபமாக வலது பக்கம் நடந்தேன். இவள் கோபமாக இடது பக்கம் நடந்தாள். தீவு வட்டம். அந்தக் கோடியில் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டோம். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரவர் வழியில் போனோம். மறுபடியும் இந்தக் கோடியில் சந்தித்தோம். நடுவில் நின்று திரும்பினால் தோற்றதாக ஆகிவிடும் என்பதால் நானும் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. வேலை முடிந்து சைக்கிளில் போன யாழ்ப்பாணத்துத் தம்பி, "என்ன அண்ணை, பிறகும் சுத்திறியளோ?" என்று விசாரித்தான். உடம்புக்கு நல்லது என்றேன்.

அப்படிச் சுற்றுகையில்தான் ஊழியர் குடியிருப்புக்குப் பின்னால், செடி மறைப்புக்கு அந்தப் பக்கம் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முன்பக்கம் விருந்தாளிகள் கண்ணில் படும்படி சூரியப் பலகைகள். பின்பக்கம் ஆள் உயர டீசல் ஜெனரேட்டர். அந்த நாட்டில் பெரும்பாலும் மின்சாரம் டீசலில்தான் ஓடுகிறது, தீவுக்குத் தீவு தனித்தனியாகத் தயாரிக்க வேண்டும், வேறு வழியும் சுலபமில்லை. ஆனாலும் என் ஒற்றை மீசைக்காகவும் அதிரசத்துக்காகவும் மனது வலித்தது. "இது என்ன?" என்று தம்பியிடம் கேட்டேன். "அண்ணை, நீங்கள் அதைப் பாக்கேல்லை எண்டு வையுங்கோ" என்றான்.

பக்கத்தில் சமையல்கட்டுக் கிடங்கு. வாசலில் வெங்காய மூட்டை அடுக்கியிருந்தது. சாக்கின் மேல் தூத்துக்குடி என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் கண்ணீரே வந்துவிட்டது. சொந்தக்காரர் முகத்தைப் பார்த்தது அந்தத் தீவில் அப்போதுதான். அன்றிரவே மாமனாருக்குப் போன் போட்டு, அவர்கள் இந்த வெங்காயத்தை நறுக்கி ஒரு தட்டு சாலட் என்று என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பதைச் சொன்னேன். எதிர்முனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "மாப்ள, அந்த ஓட்டல்காரன் நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.

சண்டைக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி இருட்டிவிட்டது. இருட்டியதும் கடற்கரைப் பக்க விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. ஆமைகள் கரையேறி முட்டையிடும் இடம். வெளிச்சம் இருந்தால் தாய் ஆமை கரைக்கு வராது, பொரித்த குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்து நடக்கும். நியாயம்தான். ஆனால் கோபமாக நடக்கிறவனுக்கும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமே! ஒரு நண்டு வளைக்குள் கால் மாட்டி நான் விழுந்த சத்தம் கேட்டு, சிவப்புத் துணி சுற்றிய டார்ச்சோடு இவள் வந்தாள். உயிரியலாளர் கொடுத்ததாம். "எந்திரிங்க. பக்கத்துல ஆமை முட்டை ஏதும் இருந்துச்சா, பார்த்து விழுந்தீங்களா?" என்றாள். அடி பட்டதா என்று அப்புறம்தான் கேட்டாள். கையைப் பிடித்துக் குடிலுக்குக் கூட்டிப்போனாள். வழி தெரியாததால் என்னால் உதற முடியவில்லை.

கிளம்புவதற்கு முன் இவள் ஒரு ஆசை சொன்னாள். இரும்புச் சட்டம் ஒன்றில் உடைந்த பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலுக்குள் இறக்குவார்கள். நம் பெயரில் ஒரு தகடும் தொங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று படம் அனுப்புவார்கள். தகட்டில் முதலில் அவள் பெயர், பிறகு என் பெயர். கட்டணம் மட்டும் முதலில் என் அட்டை, பிறகும் என் அட்டை. உட்கார்ந்து துண்டுகளைக் கட்டினோம். அவள் இருபது துண்டு கட்டுகிற நேரத்தில் நான் என் கட்டைவிரலை ஒருமுறை சேர்த்துக் கட்டினேன்.

கடைசியில் பில் வந்தது. கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது ஒரு காவியம். ஒவ்வொன்றின் மேலும் பத்து சதவிகிதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 17 சதவிகிதம் சுற்றுலா வரி, எல்லாவற்றுக்கும் மேலே ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி. கேக் மட்டும் இலவசம் என்று தனி வரியில் போட்டிருந்தது. தம்பி பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்து, "அடுத்த முறை வரேக்க சான்றிதழ் கொண்டு வாங்கோ அண்ணை" என்றான். என்ன நம்பிக்கை பாருங்கள்.

ஊருக்கு வந்து மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. தவணை இன்னும் ஓடுகிறது. மாதங்கள் ஆக ஆக அம்மா இவளிடம் ஜாடைமாடையாக விசாரிக்கத் தொடங்கினாள். "ஏதாவது விசேஷம் உண்டா தாயீ?" என்பாள். நெல்லிக்காய் ஊறுகாய் வேண்டுமா என்பாள். எதிர்வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு என்று என் காதில் படும்படி அப்பாவிடம் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து இவள் போனும் கையுமாகக் கத்தினாள்.

"ஏங்க, ஓடி வாங்க! நம்ம பிள்ளைங்க வளர்ந்துட்டுங்க!"

அம்மா முறத்தைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள். இவள் போனை நீட்டினாள். பச்சைத் தண்ணீருக்குள் ஒரு இரும்புச் சட்டம். அதில் விரல்நுனி அளவுக்குப் பழுப்புக் கிளைகள். ஓரத்தில் எங்கள் பெயர்த் தகடு. ஒரு கொழுத்த கிளிமீன் பக்கவாட்டில் நின்று ஒரு பிள்ளையைக் கடித்துக்கொண்டிருந்தது.

அம்மா படத்தைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். அப்புறம் என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"மீசையை எடுத்தப்பவே நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குப் போனாள்.